‘நோ’ என்ற ஒரு வரி: பிறை மசாலை ஆலையில் ஓபன்சிவி கம்பைல் செய்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பிறையில் இருக்கும் ஒரு சிறிய மசாலை ஆலை. மிளகாய், மல்லி, மஞ்சள், சாம்பார்ப் பொடி, மீன் கறித்தூள், இறைச்சிக் கறித்தூள் என்று ஆறு வகைப் பாக்கெட். வேலை செய்பவர்கள் பத்துப் பேருக்குள்தான். ஆண்டு முழுவதும் நிதானமாக ஓடும் ஆலை, தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரங்களில் மட்டும் மூச்சு விட நேரமில்லாமல் ஓடும்.

2021 தீபாவளிக்கு முன் ஒரு தவறு நடந்தது. லேபிள் ஒட்டும் இயந்திரத்தில் ரோல் தீர்ந்து புது ரோல் மாட்டியபோது, இறைச்சிக் கறித்தூள் போய்க்கொண்டிருந்த வரிசையில் சாம்பார்ப் பொடி ரோல் ஏறிவிட்டது. இரண்டுக்கும் ஒரே வடிவமைப்பு, ஒரே சிவப்புக் கரை. ஒரு பெட்டி முழுக்கக் கடைக்குப் போய்விட்டது. இறைச்சிக் கறித்தூளில் இறைச்சி எதுவும் கிடையாது. ஆனாலும் புரட்டாசி விரதத்தில் இருக்கும் ஒரு வீட்டில் சாம்பார் வைக்கும்போது பட்டையும் சோம்பும் மணந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? முதலாளிக்கு அதுதான் மனத்தில் தங்கிவிட்டது. “கடைக்காரர் பெட்டியைத் திருப்பிக் குடுத்துட்டாரு, சரி. வாங்கிட்டுப் போன வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது, தம்பி?” என்று என்னிடம் கேட்டார்.

நான் தீவில், பாயான் லெப்பாஸ் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் சோதனை இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். முதலாளி குடும்பத்துக்கு நீண்ட நாள் பழக்கம். 2022-இல் அந்த ஆலைக்குப் பயிற்சிக்கு வந்த பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், கேமராவை வைத்து லேபிளை அடையாளம் காணும் நிரல் ஒன்றைப் பைத்தான் மொழியில் எழுதியிருந்தார். அவரைத் தம்பி என்றே அழைப்பேன். வார இறுதிகளில் நான் அவருக்குத் துணையாகப் போனேன். அந்த நிரலுக்கு வேண்டிய, படங்களை அலசும் ஆயத்த நிரல்களின் தொகுப்பான ஓபன்சிவி நூலகத்தை ஆலையின் மேசைக்கணினியில் கம்பைல் செய்து, அதாவது மூலநிரலிலிருந்து ஓடும் வடிவத்துக்கு மாற்றி, நிறுவ எங்களுக்கு இரண்டு வார இறுதிகள் பிடித்தன. அதில் முதல் வார இறுதி முழுவதும் வீண். ஏன் வீணானது என்பதை வரிசையாகவே சொல்கிறேன்.

கவனித்தது

தம்பியின் நிரல் எளிமையானது. ஆறு லேபிள்களின் மாதிரிப் படங்களை முதலில் வைத்துக்கொள்ளும். கேமராவில் வரும் பாக்கெட்டில் சிஃப்ட் முறையில் தனித்த புள்ளிகளைக் கண்டெடுத்து, ஆறு மாதிரிகளில் எதோடு அதிகம் பொருந்துகிறது என்று பார்க்கும். பாக்கெட் சாய்ந்திருந்தாலும் கொஞ்சம் கசங்கியிருந்தாலும் சிஃப்ட் தாங்கும் என்பதால் அவர் அதைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய மடிக்கணினியில், யூஎஸ்பி கேமராவோடு, நன்றாகவே ஓடியது.

ஆலைக்குள் யூஎஸ்பி கேமரா நிற்கவில்லை. மிளகாய்த்தூள் பறக்கும் இடத்தில் இரண்டே வாரத்தில் அதன் கண்ணாடி மங்கிவிட்டது. கணினி இருக்கும் அலுவலக அறையும் தள்ளி இருக்கிறது, யூஎஸ்பி கேபிளோ ஐந்து மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. எனவே ஆலையில் உதிரியாக இருந்த, தூசி புகாத நெட்வொர்க் கேமரா ஒன்றைக் கன்வேயருக்கு மேலே மாட்டினோம்.

அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. திரையில் வரும் படம் பழையதாக இருந்தது. கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம். தொடங்கும்போது ஒரு விநாடி பின்தங்கிய படம், பத்து நிமிடம் ஓடிய பிறகு இன்னும் வெகுவாகப் பின்தங்கியிருந்தது. கேமரா விநாடிக்கு 25 ஃபிரேம் (தனிப்படம்) அனுப்புகிறது. சிஃப்ட் கணக்கு கனமானது, இந்தக் கணினியில் அதில் நான்கில் ஒரு பங்கைத்தான் பார்த்து முடிக்க முடிந்தது. மிச்சமெல்லாம் வரிசையில் நின்றன. தவறான லேபிள் என்று மணி அடிக்கும்போது அந்தப் பாக்கெட் ஏற்கெனவே பெட்டிக்குள் போயிருக்கும்.

வீடியோவைக் கையாளும் ஜிஸ்ட்ரீமர் என்ற மென்பொருள் வழியாகக் கேமராவைத் திறந்தால் இதற்கு ஒரு வழி உண்டு. கடைசியாக வந்த ஒரு ஃபிரேமை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை வீசிவிடு என்று அதனிடம் சொல்ல முடியும். ஆக, எங்களுக்கு ஓபன்சிவியிடம் இரண்டு தேவை: சிஃப்ட், ஜிஸ்ட்ரீமர். இந்த இரண்டையும் அன்றே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் இந்தக் கட்டுரை பாதியாகச் சுருங்கியிருக்கும்.

ஏன் கம்பைல் செய்ய முடிவெடுத்தோம்

அந்தக் கணினியில் உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் இருந்தது. எட்டு ஜிபி நினைவகம், நான்கு கோர், எட்டு த்ரெட். லேபிள் அச்சிடும் மென்பொருளும் அதே கணினியில்தான்.

ஆயத்தமாகக் கிடைக்கும் ஓபன்சிவி இரண்டு வகை. பைத்தானின் பொதி நிறுவியான பிப் வழியாக வருவது புதியது, அதில் சிஃப்ட் இருக்கிறது. ஆனால் லினக்ஸுக்கான அந்தப் பொதியில் ஜிஸ்ட்ரீமர் ஆதரவு சேர்க்கப்படுவதில்லை. உபுண்டுவின் பொதி நிறுவியான ஆப்ட் வழியாக வருவதில் ஜிஸ்ட்ரீமர் இருக்கிறது. ஆனால் 20.04-இல் ஆப்ட் தருவது 4.2.0 பதிப்பு, அதில் சிஃப்ட் கிடையாது.

சிஃப்ட் ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. டேவிட் லோ 1999-இல் வெளியிட்ட இந்த முறைக்கு, அவர் பணியாற்றிய பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருந்தது. அதனால் பல ஆண்டுகள் அது ஓபன்சிவியின் துணைத் தொகுப்பான ‘கான்ட்ரிப்’பில், கட்டற்றதல்லாத பகுதியில் ஒதுங்கியிருந்தது. 2020 மார்ச்சில் காப்புரிமை முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த 4.4.0 பதிப்பில் சிஃப்ட் முதன்மைத் தொகுப்புக்கு வந்துவிட்டது. இந்த ஒரு தகவலைச் சரியாக உள்வாங்காததால் பின்னால் ஒரு நாள் இழந்தோம்.

உபுண்டுவையே புதுப்பிக்கலாமா என்றும் பேசினோம். லேபிள் அச்சு மென்பொருளை வேறொருவர் வந்து அமைத்துக் கொடுத்திருந்தார். தீபாவளி அக்டோபர் 24. ஐந்து வாரத்துக்கு முன் அதில் கை வைக்க யாருக்கும் மனமில்லை. எனவே 2022 ஜூனில் வெளியான 4.6.0 பதிப்பின் மூலநிரலை எடுத்து நாங்களே கம்பைல் செய்வதென்று முடிவு. கணினியில் பழைய என்விடியா கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் இருந்தது. கணக்குகளை அந்தக் கார்டிலேயே ஓட்டும் கூடா ஆதரவோடு செய்யலாமே என்று தம்பி ஆசைப்பட்டார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. டிரைவர், கூடா, கம்பைலர் மூன்றின் பதிப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும், எங்கள் தேவைக்கோ அது அவசியமில்லை. இந்த முடிவு மட்டும் இன்றும் சரி என்றே நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 16

மலேசிய தினம், ஆலைக்கு விடுமுறை. நீண்ட வார இறுதி என்பதால் மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதி வைத்திருந்த குறிப்பைக் கொண்டுபோயிருந்தேன். கம்பைலர், கணினியில் எது எது இருக்கிறது என்று தேடிக் கம்பைலுக்கு ஆயத்தம் செய்யும் சிமேக், மூலநிரலை இறக்க கிட், பைத்தான், அதன் எண் கணக்குத் தொகுப்பான நம்பை, ஜன்னல் காட்டுவதற்கு ஜிடிகே, அப்புறம் ஜிஸ்ட்ரீமரின் மேம்பாட்டுப் பொதி என்று எல்லாவற்றையும் ஆப்ட் வழியாகப் போட்டோம். அந்தக் குறிப்பில் கான்ட்ரிப் தொகுப்பும் இருந்தது. சிஃப்ட் அதில் இருந்த காலத்தில் எழுதிய குறிப்பு அல்லவா. தேவையா என்று யோசிக்காமல் அதையும் இறக்கினோம்.

சிமேக் ஓடி முடிந்தது. கடைசி வரிகள் ‘கான்ஃபிகரிங் டன்’, ‘ஜெனரேட்டிங் டன்’. அதற்கு மேலே நூற்றுக்கும் மேற்பட்ட வரிகளில் ஒரு சுருக்க அறிக்கை இருந்தது. எந்தக் கம்பைலர், எந்தெந்த மாட்யூல் (ஓபன்சிவியின் உட்பகுதி), எந்தப் பைத்தான், எந்தப் பட வடிவம், எந்த வீடியோ வழி என்று ஒவ்வொன்றுக்கும் நேரே ‘எஸ்’ அல்லது ‘நோ’. நாங்கள் கடைசி இரண்டு வரியைப் பார்த்துவிட்டு, கம்பைலைத் தொடங்கும் மேக் கட்டளையைக் கொடுத்தோம்.

நாற்பது விழுக்காடு தாண்டியதும் நின்றது. ‘பூஸ்ட்டெஸ்க்’ என்று தொடங்கும் ஒரு கோப்பைக் காணவில்லை என்றது. தம்பி மூலநிரலை இரண்டாம் தடவை இறக்கினார், அதே பிழை. கம்பைல் நடக்கும் பில்ட் ஃபோல்டரில் இருக்கும் டவுன்லோட் பதிவைத் திறந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. கான்ட்ரிப்பில் உள்ள சில மாட்யூல்களுக்கு வேண்டிய தரவுக் கோப்புகள் மூலநிரலோடு வருவதில்லை. சிமேக் ஓடும்போது தனியாக இணையத்திலிருந்து இறங்குகின்றன. ஆலையின் இணைப்பு நடுவில் அறுந்திருக்கிறது. சிமேக் ஓர் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டது.

கோப்புகளைத் திரும்ப இறக்குவதா, கான்ட்ரிப்பையே விடுவதா என்று கேள்வி வந்தது. அப்போதுதான் தம்பி கேட்டார்: “அண்ணே, 4.4-க்கு அப்புறம் சிஃப்ட் மெயின்லயே இருக்கே, நமக்கு ஏன் கான்ட்ரிப்?” காலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கேட்டிருக்க வேண்டியவன் நான். கான்ட்ரிப்பை விட்டோம். சிமேக் பழைய முடிவுகளைக் கேஷ் கோப்பில் வைத்துக்கொள்ளும் என்பதால் பில்ட் ஃபோல்டரை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். அதற்குள் இரவாகிவிட்டது.

சனிக்கிழமை, செப்டம்பர் 17

சனிக்கிழமை ஆலை மதியம் ஒரு மணி வரை ஓடும். காலை ஒன்பதுக்கு வந்து, எட்டு த்ரெட் இருக்கிறதே என்று எட்டு வேலைகளை ஒரே சமயத்தில் ஓடச் சொல்லி மேக் கொடுத்தோம்.

அரை மணி நேரத்தில் மவுஸ் நகரவில்லை. பிறகு கம்பைலரின் உட்பிழை, ‘கில்டு’ என்று ஒரு செய்தி வந்து நின்றது. ஓபன்சிவியில் ஏதோ பிழை இருக்கிறது என்று தம்பி முதலில் நினைத்தார். இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவைப் பார்த்தால் காரணம் தெளிவாக இருந்தது: நினைவகம் தீர்ந்துவிட்டது, அதனால் அதிக நினைவகம் தின்னும் செயலிகளைக் கெர்னலே கொன்றிருக்கிறது. சி பிளஸ் பிளஸ் கோப்பு ஒன்றைக் கம்பைல் செய்ய ஒரு ஜிபிக்கு மேல் போகும் இடங்கள் உண்டு. எட்டு ஜிபி கணினியில் அப்படி எட்டு வேலை நிற்காது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. லேபிள் அச்சு மென்பொருளும் சேர்ந்து செத்திருந்தது. முன்பக்கம் கன்வேயர் நின்றுவிட்டது. அக்காக்கள் மூன்று பேர், வெளியே வண்டி காத்திருக்க, மிச்சமிருந்த ரோலிலிருந்து லேபிளை உரித்துக் கையாலேயே ஒட்டினார்கள். முக்கால் மணி நேரம். முதலாளி கோபப்படவில்லை. “தம்பி, நீங்க செய்யறது நம்ம நல்லதுக்குத்தான். ஆனா வேலை நேரத்துல அந்தக் கணினியைத் தொட வேணாம்” என்றார். அவர் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை அது. என் தொழிற்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் யாராவது இப்படிச் சோதனை செய்தால் நானே விடமாட்டேன்.

மதியம் ஒன்றரைக்கு, எல்லாரும் போன பிறகு, நினைவகம் போதாதபோது வட்டில் கைகொடுக்கும் நான்கு ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்றை உருவாக்கி, மூன்று வேலைகளாகக் குறைத்து மறுபடி தொடங்கினோம். சோதனை நிரல்களையும் எடுத்துக்காட்டு நிரல்களையும் கட்ட வேண்டாம் என்று சிமேக்கில் அணைத்தோம். நிதானமாக, நிலையாக ஓடியது.

மூன்றரைக்கு இடி, மழை. கரண்டு போய்விட்டது. பினாங்கில் செப்டம்பர் பிற்பகல் மழை புதிதில்லை, நாங்கள்தான் யூபிஎஸ் பற்றி யோசிக்கவில்லை. கரண்டு வந்ததும் மேக்கை மறுபடி கொடுத்தோம். முடிந்த கோப்புகளைத் திரும்பக் கம்பைல் செய்யாமல் விட்ட இடத்திலிருந்து தொடர்வது மேக்கின் நல்ல குணம். ஆனால் கரண்டு போன கணத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்புகள் வட்டில் முழுதாக இறங்கியிருக்காது. கோப்பு இருக்கிறது, தேதியும் புதிது, எனவே மேக் அது முடிந்தது என்று நம்பிவிடும். இணைக்கும் கட்டத்தில் ‘கோப்பின் வடிவம் புரியவில்லை’ என்று நின்றது. பில்ட் ஃபோல்டரில் பூஜ்யம் பைட் அளவுள்ள கோப்புகளைத் தேடினோம். மூன்று கிடைத்தன. அவற்றை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டினோம். இரவு எட்டு மணிக்கு நூறு விழுக்காடு என்று வந்தது.

அன்று இரவு பட்டர்வொர்த்தில் சாப்பிட்டுவிட்டு, வேலை முடிந்தது என்ற எண்ணத்தில் நான் பாலம் கடந்து வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர் 18

காலையில் நிறுவல் கட்டளையைக் கொடுத்தோம். பைத்தானைத் திறந்து ஓபன்சிவியின் பதிப்பு எண்ணைக் கேட்டோம். 4.6.0. தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. நிரலை ஜிஸ்ட்ரீமர் வழியாகக் கேமராவைத் திறக்கும்படி மாற்றி ஓட்டினார். கேமரா திறக்கவில்லை.

ஜிஸ்ட்ரீமருக்குக் கொடுத்த வரியில் பிழை இருக்குமோ என்று ஒரு மணி நேரம் அதையே மாற்றி மாற்றிப் பார்த்தோம். அதே வரியை ஜிஸ்ட்ரீமரின் சொந்தக் கட்டளையில் கொடுத்தால் படம் வந்தது. அப்படியானால் கோளாறு ஓபன்சிவி பக்கம். தொகுப்பு எந்தப் பாதையிலிருந்து ஏறுகிறது என்று பைத்தானிடம் கேட்டோம். நாங்கள் கட்டியது அல்ல. தம்பியின் மெய்நிகர் சூழலுக்குள் (பைத்தான் தொகுப்புகளைத் தனியே வைத்துக்கொள்ளும் இடம்) முன்பே பிப் வழியாகப் போட்டிருந்த ஓபன்சிவி அது. அதுவும் 4.6.0. இரண்டுக்கும் ஒரே எண் என்பதால், முந்தைய நாள் முழுக்கக் கட்டியதுதான் ஓடுகிறது என்று நம்பிவிட்டோம்.

பிப் பொதியை நீக்கினோம். இப்போது ஓபன்சிவியே இல்லை என்றது பைத்தான். நாங்கள் கட்டியது கணினியின் பொதுப் பைத்தான் ஃபோல்டரில் நிறுவப்பட்டிருந்தது, மெய்நிகர் சூழல் அதை இயல்பாகப் பார்க்காது. சூழலைப் பொதுத் தொகுப்புகளையும் பார்க்கும்படி புதிதாக உருவாக்கினோம். அடுத்து, பகிர் நூலகக் கோப்பு ஒன்றைத் திறக்க முடியவில்லை என்று வந்தது. நூலகங்கள் இருக்கும் இடப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளை அதைத் தீர்த்தது.

இப்போது எங்கள் ஓபன்சிவி ஏறியது. கேமரா இன்னும் திறக்கவில்லை.

ஓபன்சிவியில் ‘கெட் பில்ட் இன்ஃபர்மேஷன்’ என்று ஒரு செயல்கூறு உண்டு. அந்த நூலகம் எதையெல்லாம் வைத்துக் கட்டப்பட்டது என்பதை அதுவே சொல்லும். சிமேக் கடைசியில் காட்டிய அதே அறிக்கைதான். அச்சிட்டு, வீடியோ பகுதிக்குப் போனோம். ஜிஸ்ட்ரீமர்: நோ.

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. எதற்காகக் கம்பைல் செய்யத் தொடங்கினோமோ அதுவே உள்ளே இல்லை. ஓபன்சிவி தன்னைக் கட்டும்போது ஜிஸ்ட்ரீமரின் அடிப்படைப் பொதியோடு ‘பிளகின்ஸ் பேஸ்’ என்ற தொகுப்பின் மேம்பாட்டுப் பொதியையும் தேடும். என் பழைய குறிப்பில் முதலாவது மட்டும் இருந்தது, இரண்டாவது இல்லை. சிமேக்கைப் பொறுத்தவரை இது பிழையே அல்ல. கிடைத்தால் சேர்க்கும், கிடைக்காவிட்டால் ‘நோ’ என்று எழுதிவிட்டு அமைதியாக அடுத்ததற்குப் போகும். வெள்ளிக்கிழமை காலை அந்த ‘நோ’ திரையில் இருந்தது, இரவும் இருந்தது. சனிக்கிழமை சோதனை நிரல்களை அணைத்தபோது மூன்றாம் தடவையும் வந்திருக்கும். மூன்று தடவையும் நாங்கள் பார்த்தது கடைசி இரண்டு வரியைத்தான்.

இரண்டாவது வார இறுதி

செப்டம்பர் 24 மதியம், ஆலை மூடிய பிறகு உட்கார்ந்தோம். கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் ஐந்து வரி எழுதினார் தம்பி. ஜிஸ்ட்ரீமர் ‘எஸ்’. ஜிடிகே ‘எஸ்’. பைத்தான் 3.8-இன் பாதையும் நம்பையின் பாதையும் சரியாக இருக்க வேண்டும். ஃபீச்சர்ஸ்2டி மாட்யூல் பட்டியலில் இருக்க வேண்டும், சிஃப்ட் அதில்தான் இருக்கிறது. பில்ட் வகை ‘ரிலீஸ்’.

விடுபட்ட பொதியைப் போட்டோம். பழைய பில்ட் ஃபோல்டரை அழித்தோம். எங்கள் நிரலுக்கு வேண்டிய மாட்யூல்களை மட்டும் கட்டும்படி சிமேக்கின் ‘பில்ட் லிஸ்ட்’ விருப்பத்தில் எழுதினோம்: அடிப்படை, படச் செயலாக்கம், படக் கோப்பு, வீடியோ, ஜன்னல், புள்ளி கண்டறிதல், பொருத்தம் சரிபார்க்க கேலிப்3டி, பைத்தான். இவை சார்ந்திருக்கும் மற்றவற்றை அதுவே சேர்த்துக்கொள்ளும். நரம்பியல் வலையமைப்பு மாட்யூல் போன்ற கனமான பகுதிகள் விலகிவிட்டதால் கம்பைல் நேரம் பாதிக்கும் கீழே போனது.

சிமேக் முடிந்ததும் அறிக்கையை ஒரு கோப்பில் சேமித்து, தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தோம். இருபது நிமிடம். பைத்தான் பாதை தவறாக இருந்தது, மெய்நிகர் சூழலுக்குள் இருந்துகொண்டு சிமேக்கை ஓட்டியதால். வெளியே வந்து திருத்தி, மறுபடி படித்து, ஐந்தும் சரி என்றான பிறகுதான் மேக் கொடுத்தோம். முதலாளியின் மகள் வீட்டிலிருந்து ஒரு சிறிய யூபிஎஸ் கொண்டுவந்து வைத்திருந்தார். ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்து, நிறுவி, பில்ட் தகவலையும் அச்சிட்டுப் பார்த்தாகிவிட்டது. ஜிஸ்ட்ரீமர்: எஸ். கேமரா முதல் முயற்சியிலேயே திறந்தது.

பிறகு நடந்தது

ஸ்டாப்வாட்ச் சோதனையில் பின்தங்கல் ஒரு விநாடிக்குள் நின்றது, ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் கூடவில்லை. அக்டோபர் முதல் வாரத்திலிருந்து முறையாகப் பயன்படுத்தினார்கள். முதல் நாட்களில் தேவையில்லாமல் மணி அடித்தது. மேலிருந்த குழல் விளக்கின் வெளிச்சம் பளபளப்பான பாக்கெட்டில் பட்டு லேபிளை மறைத்ததுதான் காரணம். ஓர் அட்டையை மறைப்பாகக் கட்டியதும் அது அடங்கியது.

தீபாவளிக்கு முன் இரண்டு தடவை ரோல் மாறிப் போனதை அது பிடித்தது. இரண்டாவது தடவை மீண்டும் அதே சாம்பார்ப் பொடி ரோல். நான்கு பாக்கெட்டோடு நின்றுவிட்டது. முதலாளி அந்த நான்கையும் விற்பனைக்கு விடாமல் மேசை மேல் வைத்திருந்தார், நான் போனபோது எடுத்துக் காட்டினார்.

இந்த அமைப்பு லேபிள் எது என்பதை மட்டும்தான் பார்க்கிறது. ‘தாரிக் லுபுட்’ என்று அச்சிடும் காலாவதித் தேதி சரியா என்பதை இன்றும் கண்ணால்தான் பார்க்கிறார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

கம்பைல் செய்யாமலே இதை முடித்திருக்க முடியுமா? முடிந்திருக்கும். டிசம்பரில், அவசரமில்லாத ஒரு நாளில், தம்பியின் மடிக்கணினியில் இரண்டு மாற்று வழிகளைச் சோதித்தோம். ஒன்று, சிஃப்டுக்குப் பதிலாக ஓர்ப் என்ற வேறொரு புள்ளி கண்டறியும் முறை. இது 4.2.0-இலேயே உண்டு. நேராக வைத்த பாக்கெட்டில் நன்றாக வந்தது, கசங்கிய பாக்கெட்டில் தடுமாறியது. இன்னொன்று, பிப் ஓபன்சிவியையே வைத்துக்கொண்டு, கேமராவை ஓயாமல் படித்துக் கடைசி ஃபிரேமை மட்டும் கையில் வைத்திருக்கும் தனி த்ரெட் (நிரலில் இணையாக ஓடும் பகுதி) ஒன்றை எழுதுவது. முப்பது வரி நிரல். பின்தங்கல் அதிலும் ஒரு விநாடிக்குள் நின்றது. செப்டம்பரில் நாங்கள் “எந்த ஓபன்சிவி வேண்டும்” என்றுதான் கேட்டோம். “பழைய ஃபிரேமை எப்படி வீசுவது” என்று கேட்டிருந்தால் இந்த வழி முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

கம்பைல்தான் வழி என்றால், ஓபன்சிவியின் சிமேக்கில் ‘எனேபிள் கான்ஃபிக் வெரிஃபிகேஷன்’ என்று ஒரு விருப்பம் இருக்கிறது. இயல்பாக அது அணைந்திருக்கும். அதை ஏற்றிவிட்டால், வேண்டும் என்று கேட்ட ஒன்று கிடைக்காதபோது ‘நோ’ என்று எழுதிவிட்டுப் போகாமல் பிழையாகவே நின்றுவிடும். வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டியிருக்கும் என்பதால் கொஞ்சம் பொறுமை வேண்டும். எங்களுக்கு இரண்டரை நாள் மிஞ்சியிருக்கும் என்பதால் அந்தப் பொறுமை மலிவுதான்.

பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவதை நான் விட்டுவிட்டேன். எந்தப் பாதையிலிருந்து ஏறியது, எதை வைத்துக் கட்டப்பட்டது என்ற இரண்டையும் கேட்ட பிறகே நிரலைத் தொடுகிறேன். உற்பத்தி நடக்கும் கணினியில் கம்பைல் செய்வதையும் இனி செய்யமாட்டேன். முக்கால் மணி நேரம் கையால் லேபிள் ஒட்டிய அக்காக்களில் ஒருவர் அன்று மதியம் வீட்டுக்குப் போகத் தாமதமாகி, பேருந்தைத் தவறவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். இந்த நிகழ்வில் திருப்பிக் கொடுக்க முடியாத இழப்பு அது ஒன்றுதான்.

2025 மே மாதத்தோடு உபுண்டு 20.04-க்கான பொதுவான ஆதரவு முடிந்தது. லேபிள் அச்சு மென்பொருளுக்கும் புதிய பதிப்பு வந்துவிட்டதால், ஆலையில் வேறு கணினி வாங்கி 24.04 போட்டார்கள். அதில் ஆப்ட் தரும் ஓபன்சிவி 4.6.0. நாங்கள் இரண்டு வார இறுதி உட்கார்ந்து கட்டிய அதே எண். தம்பி இப்போது கூலிமில் வேலையில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வந்து அவரே நிறுவினார். ஆப்ட் முடிந்ததும் பில்ட் தகவலை அச்சிட்டு, பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஐந்து வரியையும் சரிபார்த்தார். பைத்தான் 3.8 என்றிருந்த இடத்தை அடித்து 3.12 என்று எழுதினார். தாள் அதே சுவரில்தான் இருக்கிறது.